எங்கள் வண்டிக்கு ஃபேன் மாற்றியவர்

அவரை நல்லவர் என்று சொல்லாத ஆள் ஜனக்புரியில் கிடையாது. நானும் சொல்லியிருக்கிறேன். சொன்ன வார்த்தையைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம் என்றால் முதல் ஆளாகப் போய் நின்று வாங்கிக்கொள்வேன்.

பெயர் வேண்டாம். மின்சாரம் சம்பந்தப்பட்ட ஏதோ ஒரு மத்திய அரசு இலாகாவில் பெரிய பதவியில் இருந்து ஓய்வுபெற்றவர். கோயம்புத்தூர்ப் பக்கத்துக்காரர். டெல்லிக்கு வந்து எத்தனையோ வருஷம் ஆகியும் பேச்சில் அந்த ஊர் அப்படியே இருந்தது. எல்லோருக்கும் அவர் 'சார்'. எங்களுக்கும் சார்தான். நாங்கள் விழுப்புரம் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். நான் வீட்டில் இட்லி மாவு அரைப்பேன். என் வீட்டுக்காரர் அதை ஒரு பழைய பிக்கப் வண்டியில் ஏற்றி, ஜனக்புரியில் வீடு வீடாகவும் ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் கடை கடையாகவும் போட்டுவிட்டு வருவார். பல நாள் நானும் கூடப் போவேன்.

சாருக்கு எதுவும் வீணாகக் கூடாது. அவரைப் பற்றிச் சொல்ல வேண்டியது அவ்வளவுதான். கேட்க எவ்வளவு நன்றாக இருக்கிறது! பக்கத்தில் இருந்து பட்டவர்களுக்குத்தான் தெரியும்.

முதன்முதலாக அவரைப் பார்த்ததே ஒரு தகராறில்தான். ஜனவரி மாதக் காலை. எதிரே வரும் ஆள் தெரியாத பனிமூட்டம். அந்தக் குளிரில் இஞ்சினை அணைத்தால் எங்கள் டீசல் வண்டி மறுபடி கிளம்ப மக்கர் பண்ணும். அதனால் ஓடவிட்டே நிறுத்திவிட்டு, நாங்கள் இரண்டு பேரும் மாடி வீடுகளுக்கு மாவு கொடுக்க ஏறினோம். இறங்கி வந்தால் வண்டி அணைந்து கிடக்கிறது. சாவியைக் காணோம். தெரு முழுக்கத் தேடுகிறோம். கீழ் வீட்டுக் கதவு திறந்து, குரங்குக் குல்லாயும் மப்ளருமாக ஒருவர் சாவியை நீட்டினார்.

"சும்மா ஓடிட்டு நின்னுச்சுங்க. நான்தான் ஆஃப் பண்ணி எடுத்து வெச்சேன். டீசல் என்ன தண்ணியாங்க?"

"குளிர்ல ஆஃப் பண்ணா கெளம்பாது சார்" என்றார் என் வீட்டுக்காரர்.

"ஏனுங் கெளம்பாது? கெளம்பும்."

கிளம்பவில்லை. போகிற வருகிறவர்களை எல்லாம் 'பையா, பையா' என்று இந்தியில் கெஞ்சிக் கூப்பிட்டுத் தள்ள வேண்டியதாயிற்று. சாரும் வந்து தள்ளினார். அதையும் சொல்லிவிட வேண்டும். வயதைப் பார்க்காமல், மூச்சு வாங்க வாங்க, தெருக்கோடி வரை தள்ளினார். வண்டி உறுமியதும் கையைத் தட்டிக்கொண்டு, "பாத்தீங்களா, கெளம்பீருச்சு" என்றார். முகத்தில் ஜெயித்த சிரிப்பு. அன்றைக்கு எல்லா வீட்டுக்கும் நேரம் தவறிப் போய், பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளைகளை அனுப்ப நின்ற பெண்களிடம் நான்தான் பேச்சு வாங்கினேன். அவர் மிச்சம் பிடித்தது ஒரு கரண்டி டீசல் இருக்கும்.

அவர் மனைவியை நான் அக்கா என்று கூப்பிடுவேன். மாவு கொடுக்கப் போனால் சமையலறை இருட்டாகவே இருக்கும். "லைட்டப் போட்டா எங்கிருந்தாலும் வந்துருவாரு கண்ணு. ஜன்னல் வெளிச்சமே போதுமாமா" என்று சிரிப்பார். அந்த ஜன்னலுக்கு எதிரே அடுத்த வீட்டுச் சுவர். குளிர்காலம் வந்தால் சார் ஃப்ரிட்ஜையும் அணைத்துவிடுவார். வெளியே இத்தனை குளிர் சும்மா கிடக்கும்போது கரண்டைச் செலவழித்து எதற்குக் குளிர் பண்ண வேண்டும் என்பது அவர் வாதம். பால்கனியில் வைத்த பாலைப் பூனை குடித்துவிட்டுப் போனது. அதற்கும் அக்காதான் திட்டு வாங்கினார். மூடியின் மேல் கல் வைக்கவில்லையாம்.

ஜனக்புரித் தமிழர்கள் நடத்திய ஒரு சித்திரை விழா நினைவு இருக்கிறது. வாடகைக்கு எடுத்த ஹால். முன்வரிசைகளில் ஆபீசர்கள், பாங்க்காரர்கள் குடும்பங்கள். கடைசி வரிசையில் நானும், வீட்டு வேலைக்குப் போகிற எங்கள் பக்கத்துப் பெண்களும். வெயில் ஆரம்பித்துவிட்ட மாதம். திடீரென்று எங்கள் தலைக்கு மேல் ஓடிய ஃபேன்கள் நின்றன. திரும்பிப் பார்த்தால் ஸ்விட்ச் பலகை பக்கத்தில் சார்.

"நாலு பேருக்கு எதுக்குங்க இத்தனை ஃபேனு? முன்னாடி சேர் காலியாக் கெடக்குது. வாங்க, அங்க ஓடுது."

எங்களுக்கு அங்கே போய் உட்காரக் கூச்சம் என்பது அவருக்கு விளங்கவே இல்லை. வந்து வந்து கூப்பிட்டார். கடைசியில் எங்களை எழுப்பிக் கூட்டிக்கொண்டு போய் முன்வரிசையில் உட்கார வைத்தார். பட்டுப்புடவைகள் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தன. என்னோடு வந்தவர்களில் ஒருத்தி பாதியில் எழுந்து வீட்டுக்கே போய்விட்டாள். மற்ற ஆபீசர்கள் யாரும் எங்களைக் கூப்பிட்டிருக்கக்கூட மாட்டார்கள், இவர் கூப்பிட்டார் என்று அன்று ராத்திரி வீட்டுக்காரர் உருகினார். எனக்கும் கொஞ்சம் அப்படித்தான் தோன்றியது. ஆனால் கூப்பிட்டது எங்களுக்காகவா, ஃபேன் காற்று வீணாகாமல் இருக்கவா என்று இப்போது கேட்டால் எனக்குப் பதில் தெரியும்.

சரி, வண்டிக்கு வருகிறேன்.

ஒரு நாள் அவர் வீட்டு வாசலில் வண்டியின் பானெட்டைத் திறந்து வீட்டுக்காரர் ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். இஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. சார் வந்து எட்டிப் பார்த்தார்.

"இந்த ஃபேன் எப்பங்க நிக்கும்?"

"இஞ்சின் நின்னா நிக்கும் சார். பெல்ட்டுல ஓடுது."

"அப்ப காலங்காத்தால பனியில, இஞ்சின் ஜில்லுன்னு கெடக்கறப்பவும் சுத்துமா?"

"சுத்தும் சார்."

"வேகமாப் போறப்ப, முன்னாடியிருந்து காத்து அதும்பாட்டுக்கு அடிக்கறப்பவும்?"

"அப்பவும் சுத்தும்."

சாரின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். தன் வீட்டுத் தண்ணீர்த் தொட்டி வழிந்து தெருவில் ஓடுவதைப் பார்த்தவர் போல ஆகிவிட்டார். தேவை இருந்தாலும் இல்லாவிட்டாலும், இஞ்சினின் பலத்தைத் தின்றுகொண்டு, ஊருக்கெல்லாம் கேட்க இரைந்துகொண்டு ஒரு ஃபேன் சுற்றிக்கொண்டே இருக்கிறது. அதுவும் அவர் வீட்டு வாசலில். அன்றிலிருந்து அவருக்கு வேறு பேச்சு இல்லை. கார்களில் எல்லாம் பாட்டரியில் ஓடும் எலக்ட்ரிக் ஃபேன்தான், வேண்டும்போது போட்டுக்கொண்டு வேண்டாதபோது நிறுத்தலாம், டீசல் மிச்சம், இழுவை கூடும் என்று மாவு வாங்கும்போதெல்லாம் பாடம் நடத்தினார். நான் வேண்டாம் என்றேன். ஓடுகிற வண்டியில் எதற்குக் கை வைக்க வேண்டும்? என் வீட்டுக்காரர் வாயில் 'இல்லை' என்ற சொல் வராது. ஒருவரை 'சார்' என்று கூப்பிட்டுவிட்டால் சுத்தமாக வராது.

மாயாபுரியில் பழைய கார்களைப் பிரித்து விற்கும் கடையில் சாரே போய் ஒரு எலக்ட்ரிக் ஃபேனைப் பிடித்துக்கொண்டு வந்தார். பக்கத்திலேயே வண்டி ரிப்பேர் பார்க்கும் ஒரு மிஸ்திரி. ஒரே மத்தியானத்தில் பழைய ஃபேனைக் கழற்றிவிட்டு, புதியதை ரேடியேட்டரோடு சேர்த்து மாட்டி, பாட்டரியிலிருந்து ஒயர் இழுத்தாயிற்று. கழற்றியதை வீட்டில் வைத்துக்கொள்ளலாம் என்றேன். "சும்மா கெடந்து துருப்புடிக்கறதுக்காங்க?" என்று அங்கேயே பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிட்டார்.

ரேடியேட்டர் சூடானால் தானாக ஃபேனைப் போட்டு, ஆறினால் தானாக நிறுத்துகிற ஒரு ஸ்விட்ச் உண்டு, அதையும் மாட்டிவிடட்டுமா என்று மிஸ்திரி கேட்டார். எல்லோரும் மாட்டுவதுதான் அது. சார் தலையை ஆட்டிவிட்டார்.

"அது பயந்தாங்கொள்ளிங்க. கொஞ்சம் சூடானாவே ஓட ஆரம்பிச்சுரும். இஞ்சின் எவ்வளவு தாங்குமோ அவ்வளவு விட்டுப்போட்டு, நாம பாத்துப் போட்டுக்கோணும். நம்ம கையில இருக்கோணும்."

டேஷ்போர்டில் ஒரு சாதாரண ஸ்விட்ச் வைத்தார்கள். மேலே தூக்கினால் ஓடும், கீழே தள்ளினால் நிற்கும்.

"மறந்துட்டா?" என்றேன் நான்.

"சூடு காட்டற ஊசி இருக்குது, கண்ணு இருக்குது. மறக்கறதுக்கு என்னங் அம்மணி இருக்குது?"

பொய் சொல்ல மாட்டேன், குளிர்காலம் முழுக்க நன்றாகவே ஓடியது. இரைச்சல் போய் வண்டிக்குள் பேசினால் பேச்சு கேட்டது. காலையில் இஞ்சின் சீக்கிரம் சூடு பிடித்தது. டீசலும் முன்னைவிடக் கொஞ்சம் கூடுதல் தூரத்துக்கு வந்தது. வீட்டுக்காரர் ஐ.என்.ஏ.யில் கடைக்காரர்களுக்கெல்லாம் பானெட்டைத் திறந்து காட்டினார். ஆனால் ஒன்று. அன்றிலிருந்து அந்த வண்டி பாதி சாருடையதாகிவிட்டது. தெருவில் எங்களைப் பார்த்தால் பானெட் பக்கம் காதைக் கொடுத்துக் கேட்பார். ஃபேன் ஓடினால் ஜன்னலைத் தட்டுவார். "இப்ப எதுக்குங்க ஓடுது?" எங்கள் வண்டியில் எங்கள் ஃபேன் ஓடுவதற்கு நாங்கள் தெருவில் நின்று காரணம் சொல்ல வேண்டும்! வீட்டுக்காரர் சொல்லவும் செய்வார்.

அந்த வருஷ ஜூன் மாதம் எங்களுக்கு ஒரு வழி பிறக்கும் போல இருந்தது. லோதி ரோடு பக்கம் தமிழ்க் கல்யாணங்களுக்குச் சமைக்கிற காண்ட்ராக்டர் ஒருவர் ஒரு கல்யாணத்துக்கு எங்களிடம் மாவு சொல்லியிருந்தார். மாவு நன்றாக இருந்தால் அந்த சீசன் முழுக்க எங்களிடமே வாங்குவதாகப் பேச்சு. அது கிடைத்தால் ஐ.என்.ஏ. பக்கம் ஒரு சின்னக் கடையை வாடகைக்கு எடுத்துவிடலாம் என்று இருந்தோம். எங்களுக்கு இருந்தது ஒரே அறை. அதிலேதான் கிரைண்டர் ஓடும், அதிலேதான் படுக்கை, அந்தச் சத்தத்தில்தான் என் பெண் காதைப் பொத்திக்கொண்டு பரீட்சைக்குப் படிப்பாள். கடை வந்தால் கிரைண்டர் அங்கே போய்விடும். நான் ஆசைப்பட்டது வேறொன்றும் இல்லை.

டெல்லி ஜூனில் மாவு நம் பேச்சைக் கேட்காது. ஊரில் ராத்திரி முழுக்கப் பொங்குவது இங்கே மத்தியானத்துக்குள் பொங்கிப் புளித்துவிடும். காலையில் சரக்கு வண்டிகளை ரிங் ரோட்டில் விடமாட்டார்கள் என்பதால் வெயில் ஏறிய பிறகுதான் கிளம்ப முடியும். அதனால் அரைத்த கையோடு டிரம்மில் நிரப்பி, சுற்றிலும் ஐஸ் கட்டிகளை அடுக்கி, ஈரச் சாக்கைப் போர்த்தி, ஐஸ் கரைவதற்குள் கொண்டுபோய் காண்ட்ராக்டரின் பெரிய ஃப்ரிட்ஜில் சேர்த்துவிட வேண்டும். அப்போதுதான் மறுநாள் விடியற்காலை இட்லிக்குச் சரியாக இருக்கும். எல்லாம் யோசித்து வைத்திருந்தோம்.

கிளம்புகிற நேரத்தில் சார் வந்து கதவைத் திறந்து ஏறினார்.

"லோதி ரோட்டுல ஒரு சோலி இருக்குதுங்க. உங்க வண்டி எப்படியும் அங்கதானே போகுது? ஒரு சீட்டு எதுக்குங் காலியாப் போகோணும்?"

நடுவில் அவர் உட்கார்ந்தார். நான் ஜன்னலோரம். ஸ்விட்ச் அவருடைய முழங்காலுக்கு நேரே. வீட்டுக்காரர் கிளம்பும்போதே ஃபேனைப் போட்டுவிட்டார். சார் ஒன்றும் சொல்லவில்லை. நான் அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

தௌலா குவான் மேம்பாலத்தில் ஏறி வண்டி வேகம் எடுத்தது. அங்கேதான் சாரின் கை ஸ்விட்சுக்கு நீண்டிருக்கிறது. நான் பின்னால் டிரம் கட்டிய கயிற்றைத் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்காரர் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். பழைய ஃபேனாக இருந்தால் சத்தம் நின்றதுமே திருட்டு வெளிப்பட்டிருக்கும். இது ஓடினாலும் தெரியாது, நின்றாலும் தெரியாது. பாலம் இறங்கியதும் போக்குவரத்து மொத்தமாக நின்றது. யாரோ வி.ஐ.பி. போகிறாராம். முன்னும் பின்னும் வண்டிகள், காது கிழிகிற ஹாரன், தார் உருகுகிற வெயில். சார் தன் ஆபீஸில் ஆள் இல்லாத அறைகளில் விளக்கை அணைக்க வைத்த கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். கதை சுவாரஸ்யத்தில், அணைத்தவருக்கே அணைத்தது மறந்துவிட்டது. வீட்டுக்காரர் முன்னால் கிடைக்கும் சந்துக்காகக் கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டு, உருட்டி உருட்டி வண்டியை நகர்த்திக்கொண்டிருந்தார்.

பானெட் இடுக்கிலிருந்து வெள்ளையாக ஆவி வந்தது. அடுத்த நிமிஷம் குபுகுபுவென்று கிளம்பிக் கண்ணாடியை மறைத்தது. உள்ளே ஏதோ தட்டுகிற சத்தம் கேட்டு, இஞ்சின் தானாகவே நின்றது. குதித்து இறங்கி ரேடியேட்டர் மூடியைத் திறக்கப் போன வீட்டுக்காரரின் கையை நான்தான் பிடித்து இழுத்தேன். இல்லாவிட்டால் முகம் வெந்திருக்கும். திரும்பி வந்து வண்டிக்குள் பார்த்தேன். ஸ்விட்ச் கீழே இருந்தது.

"இத யாரு சார் ஆஃப் பண்ணது?"

"பாலத்து மேல காத்து நல்லா வந்துச்சுங் அம்மணி..." என்று ஆரம்பித்தவர், என் வீட்டுக்காரர் பக்கம் திரும்பினார். "ஏனுங்க, ஊசியப் பாக்கலீங்களா நீங்க?"

அவ்வளவுதான். நடு ரோடு என்றும் பார்க்கவில்லை, பெரிய மனிதர் என்றும் பார்க்கவில்லை.

"அவரு எதுக்கு சார் பாக்கணும்? போட்டது போட்டபடி இருக்குதுன்னு நெனச்சிகினு ஓட்டறாரு. எங்க வண்டி சார் இது! அதுல கை வெக்க நீங்க யாரு? அக்காவ இருட்டுல நிக்க வெக்கறீங்க, அது உங்க வீடு. இது எங்க சோறு சார்!"

"வுடும்மா, பெரியவரு, வுடு" என்றார் வீட்டுக்காரர்.

"நீ பேசாத! உன்னாலதான் எல்லாம்!"

டிராஃபிக் போலீஸ்காரர் வந்து, வண்டியை ஓரம் கட்டு, ஜல்தி என்று கத்தினார். தள்ளி ஓரம் கட்டினோம். சாக்கைத் தூக்கிப் பார்த்தேன். ஐஸ் தண்ணீராகிக்கொண்டிருந்தது. வேறு வண்டி பிடிக்க வீட்டுக்காரர் ஓடினார். அந்த நெரிசலில் காலி வண்டி எங்கே கிடைக்கும்? நேரம் போகப் போக என் கண் எதிரே மாவு பொங்கி, டிரம் மூடியைத் தள்ளிக்கொண்டு வழிய ஆரம்பித்தது. சார் பின்னால் ஏறினார். என்ன செய்யப் போகிறார் என்று பார்த்தேன். வழிகிற மாவை உள்ளங்கையில் ஏந்தி ஏந்தி மறுபடியும் டிரம்முக்குள் போட்டார். வீணாகிறதாம். எனக்கு அழுகை வந்துவிட்டது, அதுவும் ஆத்திரத்தில்.

ஒருவழியாக வேறு வண்டி பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது சாயந்திரம். காண்ட்ராக்டர் விரலால் தொட்டு நாக்கில் வைத்தார். உடனே போனை எடுத்து வேறு ஆளிடம் மாவு சொன்னார். எங்கள் டிரம்கள் வந்த வழியே திரும்பின. இஞ்சினைப் பிரித்துப் பார்த்த மிஸ்திரி, மேல்பாகம் வெந்து வளைந்துவிட்டது, நாளாகும் என்றார்.

அடுத்த வாரம் சாரே எங்கள் வீடு தேடி வந்தார். அந்த ஒரே அறையில், கிரைண்டருக்கும் கட்டிலுக்கும் நடுவில் நின்றுகொண்டு சொன்னார். "தப்பு என்ற மேலதானுங்க. யோசிச்சுப் பாத்தேன். வாங்க, காண்ட்ராக்டர்கிட்ட நானே வந்து சொல்றேன்."

எனக்கு நெஞ்சு கொஞ்சம் இளகியது. ஒரு ஆபீசர் நேரில் வந்து சொன்னால் காண்ட்ராக்டர் கேட்பார், கடை இன்னும் கைவிட்டுப் போகவில்லை என்று நினைத்தேன். மெட்ரோவில் மூன்று பேரும் போனோம்.

காண்ட்ராக்டர் சாரைப் பார்த்ததும் எழுந்தார். "வாங்கோ சார், உக்காருங்கோ." சார் உட்கார்ந்தார். எங்களை யாரும் உட்காரச் சொல்லவில்லை. கதவோரம் நின்றோம். காபி வந்தது, அவர்கள் இருவருக்கும். சார் எதையும் மறைக்கவில்லை. தானாக ஓடும் ஸ்விட்சை வேண்டாம் என்றதிலிருந்து, பாலத்தின் மேல் கையை நீட்டியதுவரை, ஒன்று விடாமல் சொன்னார். "இவங்க மேல ஒரு தப்பும் இல்லீங்க. எல்லாம் நான் பண்ணுனது."

காண்ட்ராக்டர் உருகிப் போனார். "என்ன பெரிய மனசு சார் உங்களுக்கு! இந்தக் காலத்துல இப்படி யார் வந்து ஒத்துக்கறா? அதுவும் இவாளுக்காக இத்தனை தூரம்! காபி ஆறிடப் போறது, சாப்பிடுங்கோ."

"அய்யா, அடுத்த கல்யாணத்துக்கு..." என்றார் என் வீட்டுக்காரர்.

"பாக்கலாம்ப்பா. இந்த சீசனுக்கு வேற ஆள்கிட்ட சொல்லியாச்சு." அவர் முகத்தைத் திருப்பக்கூட இல்லை. அதற்கு மேல் சாருடைய ஊர் எது, எந்த இலாகா, யார் யாரைத் தெரியும் என்று பேச்சு போய்விட்டது. சார் ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்லிக்கொண்டே காபியை டம்ளர் காயும்வரை குடித்தார்.

ஜனக்புரியில் இன்றைக்கும் அந்தக் கதையைச் சொல்கிறார்கள். அவ்வளவு பெரிய ஆபீசர், ஒரு மாவு வண்டிக்காரருக்காக நேரில் போய்த் தன் தப்பை ஒத்துக்கொண்டாராம். என் பெண் அந்தப் பரீட்சையையும் அதற்கு அடுத்ததையும் கிரைண்டர் சத்தத்தில்தான் எழுதத் தயாரானாள் என்பதை யாரும் கதையில் சேர்ப்பதில்லை.

அன்று வெளியே வந்து மெட்ரோவுக்கு நடந்தோம். சார் முகத்தில் ஒரு தெளிவு.

"சொல்லீட்டேனுங் அம்மணி. இப்பத்தான் மனசு லேசாச்சு."

"உங்க மனசு லேசாயிடுச்சு சார். எங்க வண்டி இன்னும் ஒர்க்‌ஷாப்புலதான் நிக்குது. கடையும் போச்சு."

"நான் வேற என்ன பண்ணீருக்கோணும்? சொல்லுங்க."

"நாங்க நின்னுகினு இருந்தோமே சார், அந்தக் காபிய வேணாம்னு சொல்லியிருக்கலாம்."

நடையை நிறுத்திவிட்டார். நான் சொன்னதை மனதுக்குள் திருப்பித் திருப்பிப் பார்ப்பது நெற்றிச் சுருக்கத்தில் தெரிந்தது. கேலியே இல்லாமல், நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்பிக் கேட்டார்.

"போட்டுக் கொண்டாந்துட்டாங்களே அம்மணி. நான் குடிக்கலீன்னா அது வீண்தானுங்களே?"

"ஆமாங்க சார்" என்றார் என் வீட்டுக்காரர்.